பன்னிரண்டாம் உருப்படிக்காக மனாமாவில் ஐந்து நாள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. செவ்வாய் காலை நான் பஹ்ரைனில் இறங்கினேன். என் பெட்டி குவைத்தில் இறங்கியது.

2. புதன் மாலை ஓர் ஒலிக்கோப்பை நாற்பது நொடி போட்டுக் காட்டினேன். பதினெட்டுப் பேர் என்னை முறைத்துப் பார்த்தார்கள்.

3. வியாழன் காலை லண்டனிலிருந்து வந்திருந்த பாடகிக்குச் சளி பிடித்தது.

4. வியாழன் பகல், அந்தச் சளியால் ஒரு பாட்டின் சுருதி இறங்கியது. ஆறு வாரம் உழைத்து அச்சிட்ட முப்பத்தொரு தாள்கட்டுகள் வீணாயின.

5. வியாழன் மாலை ஜெராக்ஸ் இயந்திரத்தில் மை தீர்ந்தது.

6. அதே மாலை நான்கு டெனர்கள் கடலுக்கு நடுவில் நின்றுவிட்டார்கள்.

7. வெள்ளி காலை ஒரே பாட்டு, ஒரே நேரத்தில், இரண்டு சுருதிகளில் வாசிக்கப்பட்டது. இதற்கு நானே காரணம்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். பார்ப்பது அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் இசைத்தாள் அச்சுக்கோக்கும் வேலை. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கிறுக்கலாக அனுப்புவதை நாங்கள் ஐந்துகோட்டுத் தாளில் சுத்தமாகக் கோத்து அனுப்புவோம். எனக்குப் பாட வராது. ஆனால் ஒரு வயலின் தாளில் எந்த இடத்தில் பக்கம் திருப்ப நேரம் கிடைக்கும் என்று கேட்டால் சொல்வேன்.

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஆங்கிலேயர்கள் நடத்தும் ஓர் இசைச் சங்கம் எங்களுக்கு வேலை கொடுத்திருந்தது. அவர்கள் நிகழ்ச்சியின் யோசனை இதுதான்: எழுபதுகளில் ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொள்வது. அந்த வருடம் பிரிட்டனில் வானொலியில் ஓடிய பாப் பாட்டுகளையும், அதே வருடம் பெரிய அரங்குகளில் கேட்ட செவ்வியல் இசையையும் கலந்து ஒரே மாலையில் வாசிப்பது. ஏன் அந்த வருடம் என்று கேட்டேன். சங்கத்தின் மூத்தவர்கள் பஹ்ரைனுக்கு வேலைக்கு வந்த வருடமாம். மொத்தம் பதினான்கு உருப்படிகள். பாதிக்கு மேல் மழையைப் பற்றியவை, அல்லது மழையில் நடக்கும் ஒருவனைப் பற்றியவை. வெளியே நாற்பது டிகிரி.

தலைப்புகளை நான் நினைவில் வைப்பதில்லை, எண்களைத்தான் வைத்திருப்பேன். என் தலைவலி உருப்படி 12. அது ஒரு பாப் பாட்டு. ஆனால் பின்னால் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரு பாடகர் குழுவும் உண்டு. நடுவில் பதினாறு அளவு, அதாவது பதினாறு தாளக்கட்டம், வாத்தியங்கள் எல்லாம் நின்று பாடகர் குழு மட்டும் தனியாகப் பாடும். அந்தக் குழு, மனாமாவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையின் கொயர். இருபத்திரண்டு பேர். ஆஸ்பத்திரி லேப், பள்ளிக்கூட அலுவலகம், கப்பல் பட்டறை என்று பல இடத்தில் வேலை செய்பவர்கள். அதில் நாலு டெனர்கள், மேல்சுருதி பாடும் ஆண்கள், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சவூதியில் அல் கோபாரில் இருக்கிறார்கள். வாராவாரம் பாலம் தாண்டி வருகிறார்கள்.

செவ்வாய்

பெட்டி குவைத்துக்குப் போனதைப் பற்றி விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் படிவம் நிரப்பினேன். பெட்டியின் நிறம் கேட்டார்கள். கறுப்பு என்றேன். “எல்லாம் கறுப்புதான்” என்றார் அதிகாரி, குற்றம் என்னுடையது போல.

சங்கம் வேன் அனுப்பியிருந்தது. ஓட்டுநர் முருகேசன், அறந்தாங்கிப் பக்கம். பதினோரு வருடமாக இங்கே.

“பெட்டி மாஃபியா மேடம்?” மாஃபி என்றால் அங்கே ‘இல்லை’.

“குவைத்ல இருக்காம்.”

“வந்துரும். எனக்கு ஒரு தடவ எங்க ஆத்தா குடுத்த கருவாடு மஸ்கட் போயிட்டு வந்துச்சு. நாலு நாளு. வந்தப்ப ஏர்போர்ட்ல எல்லாருக்கும் என்னையத் தெரிஞ்சுபோச்சு.”

என்னைச் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் வில்லாவில் தங்க வைத்தார்கள். மார்கரெட், எழுபது வயது, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா வாசிப்பவர். மிகவும் அன்பானவர். அறையின் குளிரைப் பதினெட்டில் வைத்திருந்தார், பெட்டியும் போர்வையும் இல்லாதவளுக்கு. இரவு உணவு வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. “உங்கள் ஊரில் காரம் அதிகம், பாவம், வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்” என்றார். எட்டு மணிக்கு முருகேசனை அழைத்து இரண்டு பரோட்டா வாங்கித்தர முடியுமா என்று கேட்டேன். மூன்று வாங்கி வந்தார்.

புதன்

ஒத்திகை ஒரு பள்ளி அரங்கில். கொயரை நடத்தும் ஸ்டெல்லாக்காவை அங்கேதான் முதன்முறை நேரில் பார்த்தேன். பாளையங்கோட்டைக்காரர், ஆஸ்பத்திரி லேபில் சூப்பர்வைசர். ஆறு வாரமாக வாட்ஸ்அப்பில் எனக்கும் அவருக்கும் சண்டை.

சண்டைக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும். அவர்கள் ஐந்துகோட்டுத் தாள் பார்த்துப் பாடுவதில்லை. தென்தமிழ்நாட்டுச் சபைகளில் சோல்ஃபா என்று ஒன்று உண்டு. டோ, ரே, மி என்பவற்றை d, r, m என்று எழுத்துகளாகவே எழுதி, நடுவே புள்ளியும் கோடும் போட்டுத் தாளம் காட்டுவார்கள். பார்த்தால் தட்டச்சுப் பயிற்சி போல இருக்கும். குழந்தையிலிருந்து அதில்தான் பாடுகிறார்கள், நான்கு குரலிலும். எனவே உருப்படி 12-ஐ சோல்ஃபாவாக மாற்ற நான் ஒரு சிறிய கணினி நிரல் எழுதினேன். நடுவில் வரும் சோகமான பகுதியில் எதை டோவாக வைப்பது என்பதில் நிரல் தவறு செய்தது. சுருதி சரி, எழுத்து மட்டும் வினோதம். தாள் முழுக்க ‘மா, மா, மா’ என்று வந்துவிட்டது.

“என்னய்யா கவி” என்று அப்போது குரல்செய்தி வந்தது. “மூணு மாசமா காதால கேட்டே பாட்டு படிக்கோம், இப்ப மாடு மேய்க்கச் சொல்லுத. எங்க அடிக்குரல் பாஸ்காரங்க ரெண்டு பேரு நெசமாவே கத்திக்கிட்டுத் திரியுதாவ.”

திருத்தி அனுப்பினேன். நேரில் பார்த்ததும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சின்னப் பிள்ளையா இருக்க. நான் ஒரு அம்பது வயசு ஆம்பளன்னுல்லா நெனச்சி ஏசிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கிரகாம் என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர். எல்லாவற்றையும் மென்மையாகச் சொல்வார். எங்கள் ஒப்பந்தத்தில் ஒன்பதாவது வரி ‘பாதுகாப்பு ட்ராக்’. அதாவது பாடகர் குழுவின் பகுதியைக் கணினிக் குரல்களில் செய்து வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் அது ஒலிபெருக்கியில் ஓடும். அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். அரங்கின் ஒலி அளவைப் பார்ப்பதற்காக என்று நினைத்துப் போட்டேன்.

ஓடியது நாற்பது நொடி. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு பாடுதா?” என்றார் ஸ்டெல்லாக்கா. “பீனிசம் பிடிச்ச பேய் மாதிரி இருக்கு.”

கிரகாம் விளக்கினார், ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு. வெறும் முன்னெச்சரிக்கைதான். கொயர் மேடையில் நிற்கும், வாயசைக்கும், சீருடையில் அழகாக இருக்கும். “அவர்களுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாதே. இந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் சிரமத்தை நான் மதிக்கிறேன்.”

ஸ்டெல்லாக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். “ஐயா, இந்த எழுத்தைக் கொண்டுவந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர்க்காரர்கள்.”

“அப்படியா? எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை.”

பிறகு ஸ்டெல்லாக்கா என்னைத் தனியே அழைத்துப் போனார். வராண்டாவில் வெயில் இறங்கியிருந்தது. நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை.

“பன்னெண்டு வருசமா இங்க இருக்கேன்” என்றார். “இந்த ஹால்ல இதுவர எங்கள யாரும் கூப்பிட்டதில்ல. இந்த ஒரு பாட்டுக்கு நாலு மாசம். சாம்ராஜும் மத்த டெனர் பயலுவளும் டூட்டி மாத்தி, லீவ எடுத்து, பாலத்துல கெடந்து வாராவ. வாயசைக்கவா? வாயசைக்கணும்னா நான் ஆள மேடைக்கு ஏத்த மாட்டேன். ஏத்தலன்னா அடுத்த தடவ எங்களக் கூப்பிடவும் மாட்டாங்க. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

“அக்கா, அது முன்னெச்சரிக்கைக்குத்தான்.”

“நீ அத நம்புதியா?”

நம்பவில்லை. வெள்ளி மாலை நிகழ்ச்சிக்கு முன் தீர்த்துவிடலாம் என்று மட்டும் நினைத்தேன். அன்று இரவு பெட்டி வந்தது. ஒரு சக்கரம் இல்லை.

வியாழன்

காலை பத்து மணிக்கு லண்டன் பாடகியின் தொண்டை கட்டிக்கொண்டது. அவரும் மார்கரெட் வீட்டில்தான் தங்கியிருந்தார்; அந்தக் குளிரில் நானே இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருந்ததால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பதினொரு மணிக்கு அவர் கிரகாமிடம், உருப்படி 12-இன் உச்ச ஸ்வரம் தன்னால் எட்டாது, பாட்டையே ஒரு முழு ஸ்வரம் இறக்கவேண்டும் என்றார். அரை ஸ்வரம் போதாதா என்று கேட்டேன். அவர் கிரகாமைப் பார்த்தே “முழு ஸ்வரம்” என்றார்.

அதற்கு என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக: இ பிளாட்டில் இருக்கும் பாட்டு டி பிளாட்டுக்கு வருகிறது. பிளாட் என்பது ஒரு ஸ்வரத்தை அரை இறக்கும் குறி; மூன்று பிளாட் இருந்த இடத்தில் ஐந்து. வார இறுதியில் மட்டும் வயலின் தொடும் ஒரு பல் மருத்துவருக்கு ஐந்து பிளாட் என்பது இருட்டில் மாடிப்படி இறங்குவது போல. கணினியில் மாற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். வாசிப்பவருக்கு ஒன்றாக முப்பத்தொரு தாள்கட்டுகளை மறுபடி அச்சிடவேண்டும், வெள்ளி காலைக்குள்.

“நல்லவேளை, கொயருக்கு ட்ராக் இருக்கிறது” என்றார் கிரகாம். “அதை இறக்குவது சுலபம்தானே?”

இரண்டு சொடுக்கு. சுலபம்தான். அதுதான் எரிச்சல்.

ஸ்டெல்லாக்காவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, பாட்டின் சுருதி மாறுகிறது, உங்கள் தாள்களையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றேன்.

“எதுக்கு மாத்தணும்?”

“ஒரு முழு ஸ்வரம் இறங்குதுக்கா. எல்லாமே மாறும்.”

“என்ன மாறும்? டோ எங்க இருக்குன்னு சொல்லு. மிச்சம் எங்கயும் போகாது.”

லேபில் நின்றுகொண்டு என் வேலையை அவர் எனக்கு ஒரு வரியில் சொல்லிக்கொடுத்தார். சோல்ஃபாவில் எழுத்துகள் எல்லாம் டோவுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் சொல்கின்றன. டோ கீழே வந்தால் எல்லாம் கீழே வரும். தாளின் மூலையில் ‘டோ = இ பிளாட்’ என்று இருக்கும் ஒரே குறிப்பை அடித்து எழுதினால் முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் அந்த நிரலை எழுதியிருக்க முடியாது. ஆனாலும் அந்தக் காலை முழுக்க அது என் மண்டையில் உறைக்கவில்லை.

உடனே கிரகாமிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “கோட்பாட்டளவில் சரி” என்றார். “நாளை காலை ஒத்திகையில் பார்ப்போம். அங்கே தடுமாறினால் ட்ராக்தான். எனக்கு வேறு வழியில்லை, கவிதா.”

நாலு மணிக்கு மனாமா சூக்கில், பழைய கடைத்தெருவில், சாகுல் பாயின் கடை. காயல்பட்டினத்துக்காரர். ஜெராக்ஸ், லேமினேஷன், போன் கவர், ஊதுபத்தி எல்லாம் ஒரே கடையில். முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, கம்பி வேலியில காக்கா உக்காந்த மாதிரி?”

“பாட்டு பாய். நூத்தி இருபது பக்கம். கனமான தாள் இருக்கா?”

“கனமான தாளப் போட்டா மிஷின் கோவிச்சுக்கும். அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தாங்கிட்டு இருக்கோம்.”

இயந்திரம் ஏழு தடவை தாளை மென்றது. ஈரப்பதம் என்றார் பாய். “பஹ்ரைன்ல தாளுக்கும் வேர்க்கும்.” இடையே எனக்கு ஏலக்காய் போட்ட கடக் டீயும் முட்டை ரொட்டியும் வரவழைத்தார். பஹ்ரைனில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான். இருபத்து மூன்று தாள்கட்டு முடிந்ததும் எழுத்துகள் வெளுத்து, பிறகு மறைந்தன.

“மை கலாஸ்” என்றார். “நாளைக்கு ஜும்மா முடிஞ்சு ரெண்டு மணிக்குத் தொறப்பேன். எங்க மச்சான் கடையில இருக்கு, வாங்கி வச்சிர்றேன்.”

ஒத்திகை காலை பத்து மணிக்கு. மீதம் எட்டுப் பேருக்குக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளச் சொன்னேன். அப்போது செய்த தவறு எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஆறேகாலுக்கு ஸ்டெல்லாக்கா போன். குரல் உயரவில்லை, ஆனால் வேகமாக இருந்தது. நாலு டெனர்களும் வந்த கார் பாலத்தின் நடுத்தீவில், பாஸ்போர்ட், கஸ்டம்ஸ் எல்லாம் முடிந்து பஹ்ரைன் பக்கம் வந்ததும், கொதித்து நின்றுவிட்டது. வார விடுமுறைக்கு முந்தைய வியாழன் மாலை அந்தப் பாலத்தில் டாக்சி கிடைக்காது. சவூதியே பஹ்ரைனுக்கு வந்துகொண்டிருக்கும்.

முருகேசன் வேனை எடுத்தார், வழியில் ஸ்டெல்லாக்காவை ஏற்றிக்கொண்டோம். “யல்லா மேடம், நாம போற பக்கம் காலி. வர்ற பக்கம்தான் கூத்து.”

சொன்னபடியே. எங்கள் பக்கம் பறந்தோம். இரு புறமும் கடல் தட்டையாக, பிளாஸ்டிக் விரிப்பு போல. எதிர்ப்பக்கம் விளக்குகள் அசையாமல் நின்றன. தீவில் ஒரு தேநீர்க் கடைக்குப் பக்கத்தில், பானட் திறந்த கார் ஒன்றைச் சுற்றி நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தார்கள். சாம்ராஜ் என்பவர் பெரியவர், மார்த்தாண்டத்துக்காரர், அல் கோபாரில் குழாய் வெல்டிங் யார்டில் ஃபோர்மேன்.

“எக்கா, மூணு மணிக்கூர் கியூவுல நின்னோம் கேட்டியளா” என்றார். “வண்டி பொறுமையா இருந்துச்சு. முத்திர குத்தி முடிஞ்சதும் ‘போதும்’னு படுத்திட்டு.”

“வண்டிய எங்க விடுவ?”

“இங்கயே கெடக்கட்டு. எவன் தூக்கிட்டுப் போவான், ஓடுனாத்தானே.”

ஸ்டெல்லாக்கா சுருதி மாறிய செய்தியைச் சொன்னார். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பது போல.

“அவ்வளவுதானா?” என்றார் சாம்ராஜ். “இதுக்கா போனுல கெடந்து கரைஞ்சிய? நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அது இல்லல. நாளைக்குத் தடுமாறுனா வாயசைக்கச் சொல்லுவாவ.”

சாம்ராஜ் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கு ட்ராக் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. “நான் ரெண்டு வெள்ளிக்கிழம ஓவர்டைம விட்டுட்டு வந்திருக்கேன்” என்றார் மெதுவாக. “வாயசைக்கதுக்கு இல்ல.”

திரும்பும்போது நாங்களும் அந்தக் கூத்தில் மாட்டினோம். வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் போனில் டி பிளாட் ஒலியைப் போடச் சொன்னார் ஸ்டெல்லாக்கா. நாலு பேரும் தங்கள் பகுதியை அந்த டோவில் பாடினார்கள். தாள் எடுக்கவில்லை. முதல் முறையே சரியாக வந்தது. நான் கைப்பேசியில் சுருதி அளக்கும் செயலியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், பழக்கதோஷம். ஏற்றிய கண்ணாடியையும் மீறிக் கேட்டிருக்கிறது, பக்கத்து லேனில் ஒரு சவூதிக் குடும்பம் தங்கள் கண்ணாடியை இறக்கியது. குழந்தைகள் கைதட்டின. முருகேசன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஊர் திரும்ப ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

வெள்ளி

உருப்படி 12 தொடங்கி நாலாவது அளவில் கிரகாம் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். யாரோ பூனையின் வாலை மிதித்தது போல இருந்தது. எல்லோரும் டி பிளாட்டில், மூன்று வயோலாக்களும் ஒரு ஹார்னும் மட்டும் பழைய இ பிளாட்டில். மார்கரெட் மிகுந்த நம்பிக்கையோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

தவறு என்னுடையது. புதிய கோப்புக்கும் பழைய கோப்புக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். நாலு பேர் கணினியில் பழையதைத் திறந்து அச்சிட்டுவிட்டார்கள். ஒரு எழுத்து சேர்த்திருந்தால் போதும். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மணிக்குக் கடை திறந்ததும் சரியான தாள் தருகிறேன் என்றேன். கிரகாம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“படிக்கத் தெரிந்தவர்களே இப்படி” என்றார், மென்மையாக. “கொயருக்கு ட்ராக்கைப் போட்டுவிடலாம். முடிவு செய்துவிட்டேன்.”

ஸ்டெல்லாக்கா மேடையின் நுனிக்கு வந்தார். “இரண்டு நிமிடம் கொடுங்கள். தனியாக வரும் பதினாறு அளவு மட்டும். வாத்தியம் வேண்டாம். பிடிக்காவிட்டால் நாங்கள் இறங்கிவிடுகிறோம், வாயசைக்க மாட்டோம்.”

கிரகாம் தலையசைத்தார். நான் டோ கொடுத்தேன். இருபத்திரண்டு பேரும் பாடினார்கள்.

அழகைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அளந்ததைச் சொல்கிறேன்: தொடங்கிய டோவும் முடித்த டோவும் ஒன்றே. வாத்தியத் துணை இல்லாத குழு இறங்காமல் முடிப்பது அபூர்வம். கிரகாம் தன் ஸ்கோரில், முழு இசைத்தாளில், விரல் வைத்துத் தொடர்ந்து வந்தார், முடிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. ஆர்கெஸ்ட்ராவில் மார்கரெட் முதலில் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்; வாத்தியக்காரர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

“புதிய தாள்கள் எப்போது அச்சடித்தீர்கள்?” என்று கேட்டார் கிரகாம்.

ஸ்டெல்லாக்கா தன் தாளைக் காட்டினார். மூலையில் பென்சிலால் ஒரு அடித்தல், ஒரு எழுத்து. கிரகாம் அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“சரி, பாடட்டும்” என்றார் என்னிடம். “ஆனால் ட்ராக்கும் அடியில் சத்தமில்லாமல் ஓடட்டும். யார் தடுமாறினாலும் உடனே ஏற்றிவிடு. அந்தப் பொறுப்பு உன்னுடையது.”

அது நடக்காது என்று மூன்று காரணம் சொன்னேன். ட்ராக் ஒரே வேகத்தில் ஓடும், மனிதர்கள் ஓடமாட்டார்கள். கணினிக் குரலும் இவர்கள் குரலும் சேராது. நடுவில் ஏற்றினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கிரகாம் மூன்றையும் கேட்டுவிட்டு, “இருக்கட்டும்” என்றார். அந்த ஊரில் எத்தனை உரையாடல்கள் இந்த வார்த்தையில் முடிகின்றன என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

இரண்டு மணிக்குப் பாய் சொன்ன சொல் தவறவில்லை. எட்டுத் தாள்கட்டும் கிடைத்தன. கோப்பின் பெயரை மாற்றியிருந்தேன்.

ஆறரைக்கு நிகழ்ச்சி. அரங்கு நிறைந்தது. கொயர்க்காரர்களின் குடும்பங்கள் கடைசி மூன்று வரிசையில். வாசலில் அழகான நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். அதில் உருப்படி 12-க்குக் கீழே ‘சேர்ந்திசை: ஒலிப்பதிவு’ என்று இருந்தது. அது திங்களன்றே, நான் வருவதற்கு முன்பே, அச்சானது. முன்னெச்சரிக்கை என்று புதனன்று சொன்னார்கள். சாம்ராஜின் கையில் அந்தத் தாள் இருந்ததைப் பார்த்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையேறினார்.

உருப்படி 12. நான் மேடையோரம், மடிக்கணினி முன்னால், ட்ராக் சத்தமில்லாமல் ஓட, ஒலியேற்றும் கட்டையில் விரல். இரண்டாவது சரணத்தில் லண்டன் பாடகிக்கு இருமல் வந்தது. சமாளித்துத் தொடங்கியபோது நான்கு அளவு முன்னால் போய்விட்டார். ஆர்கெஸ்ட்ரா பழைய இடத்திலேயே இருந்தது. கிரகாமின் கை காற்றில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

நான் திரையைப் பார்த்தேன். ட்ராக்கும் பழைய இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றினால் இருபத்திரண்டு கணினிக் குரல்கள் நாலு அளவு பின்னால் வந்து நிற்கும். ஸ்டெல்லாக்காவைப் பார்த்தேன். அவர் இடதுகையில் நாலு விரலைக் காட்டி, மடக்கினார். கொயர் தாவியது. பாடகியோடு சேர்ந்து, அடுத்த எழுத்தில், ஒன்றாக. பாடகி திரும்பிப் பார்த்தார், தோள் இறங்கியது. கொயரின் குரலைப் பிடித்துக்கொண்டு முதலில் செல்லோ வந்தது, பிறகு வயலின்கள், ஆறு அளவு கழித்து ஹார்ன்கள். தனியாகப் பாடவேண்டிய இடம் வந்தபோது எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

நான் ட்ராக்கை நிறுத்திக் கணினியை மூடினேன்.

முடிவில் கிரகாம் நன்றி சொன்னார். பள்ளிக்கு, பாடகிக்கு, வெள்ளரிக்காய் ரொட்டி செய்தவர்களுக்கு, “எங்கள் தொழில்நுட்ப உதவியாளருக்கு”, “மேடைக்கு நிறம் சேர்த்த உள்ளூர் நண்பர்களுக்கு”. உள்ளூர் நண்பர்கள் என்றால் யார் என்று கடைசி மூன்று வரிசையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு வராண்டாவில் ஸ்டெல்லாக்கா நேராக அவரிடம் போய் நிகழ்ச்சி நிரலை நீட்டினார். “இதில் எங்கள் பெயர் இல்லை.”

“அடடா. அச்சுக்குப் போன பிறகு நடந்த மாற்றம்.”

“நான்கு மாதத்துக்கு முன்னால் நீங்கள் எங்களைக் கேட்டீர்கள். மாற்றம் எப்போது நடந்தது?”

கிரகாமுக்கு அந்தக் கேள்விக்கு ‘இருக்கட்டும்’ என்று சொல்ல முடியவில்லை. சிவந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டார். அது உண்மையான மன்னிப்பு என்றே நினைக்கிறேன்.

சனி

முருகேசன் ஒரு மெக்கானிக்கோடு தீவுக்குப் போய்ச் சாம்ராஜின் காரை உயிர்ப்பித்துவிட்டுத்தான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்தார். அதனால் நாற்பது நிமிடம் தாமதம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன், ஒரு சக்கரத்தில்.

இப்போது நிலவரம் இது. சங்கம் அடுத்த கச்சேரிக்கு இன்னொரு வருடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பாடகர் குழு வரும் உருப்படிகள் மூன்று. கிரகாம் எனக்கும் ஸ்டெல்லாக்காவுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்: கொயரின் குரல்களை ஒருமுறை நல்ல முறையில் பதிவு செய்துவிட்டால், நால்வர் பாலம் தாண்டி அலையவேண்டாம் அல்லவா? ஸ்டெல்லாக்கா மறுநாளே பதில் எழுதினார். பதிவுக்கு வரமாட்டோம், பாட வருவோம், இருபத்திரண்டு பெயரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டும். கீழே பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார், டெனர்கள் முதலில். ட்ராக் வேலைக்கு எங்கள் நிறுவனம் விலை சொல்லாது என்று நான் எழுதிவிட்டேன். என் மேலாளருக்கு அதில் வருத்தம். சங்கத்திடமிருந்து இருவருக்கும் இன்னும் பதில் வரவில்லை.